முதல் நாட் காட்சி

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலையும் கோட்டையையும் கல்வெட்டையும் நாடிச் செல்வது வழக்கம். அவ்வூரார் கூடி நகைத்த இடத்தையும் கூடி அழுத இடத்தையும் நாடிச் செல்வோர் மிகச் சிலரே. சென்ற நூற்றாண்டில் தமிழ் மக்கள் சாதி, சமயம், செல்வம் என்னும் வேற்றுமைகளை உடன்கொண்டு வந்தும், ஒரே கூரையின் கீழ், ஒரே இருளில், ஒரே வெண்திரையை நோக்கி அமர்ந்த இடம் ஒன்றுண்டு. அதுவே படக்கொட்டகை. அக்கொட்டகையில் ஒரு புதுப்படம் முதன்முதற் காட்டப்பெறும் நாளுக்குத் தனியொரு சிறப்பிருந்தது. அம்முதல் நாட் காட்சி என்பது யாது, அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதனின்றும் இன்று எஞ்சி நிற்பது எது என்பவற்றை எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்குப் படக்கொட்டகையில் யாது வேலை என்று சிலர் வினவக்கூடும். எம்மை இப்பொருளில் ஈடுபடுத்தியவர் எம் பாட்டனாரே. எமது ஊராகிய கூனிமேடு, மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலை அடுத்துக் கிடக்கும் சிற்றூர். பக்கத்தேயுள்ள மரக்காணம் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகளில் மழைநீர் தேங்கிவிடும், உப்பு விளையாது, தை பிறந்து வெயில் ஏறிய பின்னரே மீண்டும் பாத்தி மிதிக்கத் தொடங்குவர். ஆதலின் மழைக்காலம் அளத்து மக்கட்குக் கூலியற்ற காலம். கூடியிருந்து கதை பேசும் காலமும் அதுவே.

சென்ற ஐப்பசி விடுமுறையில் ஒரு மாலை, பழைய கொட்டகைகளைப் பற்றிய குறிப்புகளை யாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். மதுரைத் தங்கம் தியேட்டர் என்னும் பெயரைக் கேட்டதும், கயிற்றுக் கட்டிலிற் சாய்ந்திருந்த பாட்டனார் நிமிர்ந்து அமர்ந்தார். “அங்கே முதல் நாள் படம் பார்த்தவன் நான்,” என்றார். 85 வயதுடைய அவர் அதுகாறும் இதனை வீட்டில் ஒருவரிடமும் கூறியதில்லை. ஏன் கூறவில்லை என்பதும், அவர் அங்குக் கண்டது யாது என்பதும் பின்னர் விளங்கும். அவர் கூற்றின் அருமை தெரியவேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

அசையும் படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கத்தைப் பாரிஸ் மாநகரில் லூமியேர் உடன்பிறந்தார் 1895 டிசம்பர் 28இல் தொடங்கினர். ஏழு திங்களுக்குள், 1896 ஜூலை 7இல், பம்பாயில் வாட்ஸன் ஹோட்டலில் அப்படங்கள் காட்டப்பெற்றன. தென்னாட்டில் இதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றவருள் முதன்மையானவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியிலிருந்த இவர், 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, பணியை விடுத்துக் கூடாரம் அடித்துப் படங்காட்டத் தொடங்கினார். அவர் வாங்கிய படங்களுள் ஒன்று இயேசு நாதரின் வாழ்க்கையைக் காட்டுவது. பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையையும் இவர் அமைத்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரும், 1914இல் ரகுபதி வெங்கையா அவர்களின் கெயிட்டி தியேட்டரும் எழுந்தன. இவற்றுள் எலெக்ட்ரிக் தியேட்டர்க் கட்டிடம் அஞ்சலகத்தார் வசமாகித் தபால்தலை நிலையமாயிற்று, கெயிட்டி இடிக்கப்பட்டது.

இனி, முதல் நாட் காட்சி ஒன்றற்கு உறுப்புகள் மூன்று. ஒன்று படம்; மற்றொன்று அது காட்டப்பெறும் மனை; மூன்றாவது அங்குக் கூடும் மாந்தர். இம்மூன்றும் ஒரு பொழுதில் ஓரிடத்திற் கூடினாலன்றி முதற் காட்சி இல்லை. கூடிய பின்னர் ஒவ்வொன்றும் தன் வழியே பிரிந்து, தன் காலத்தில் அழிகின்றது. அவ்வழிவு யாங்ஙனம் நேர்கின்றது என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

முதற் சான்று, தமிழின் முதற் பேசும் படமெனப்படும் காளிதாஸ். எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலக்ஷ்மி நடித்த இப்படம் பம்பாயில் எடுக்கப்பெற்று, 1931 அக்டோபர் 31இல் சென்னைக் கினிமா சென்ட்ரல் என்னும் கொட்டகையில் வெளியாயிற்று. அக்கொட்டகை பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் எனப் பெயர் பெற்றது. பம்பாயினின்று படப்பெட்டி சென்னைச் சென்ட்ரல் நிலையத்தில் வந்திறங்கியபோது மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, மலர் தூவியும் தேங்காய் உடைத்தும் சூடங்காட்டியும் கொட்டகை வரை ஊர்வலமாகப் பின்தொடர்ந்தனர் என்பர். இரும்புப் பெட்டிக்குத் தேங்காய் உடைப்பதா என்று இன்று நகைத்தல் எளிது. அதுகாறும் திரையிற் கண்டோருட் பெரும்பாலோர் வாய் அசைத்தும் ஒலி எழாத ஊமைகளாகவே இருந்தனர். தம் தாய் பேசிய மொழியைத் திரை பேசப்போகின்றது என்று கேட்டவர்க்கு அப்பெட்டி வெறும் பெட்டியாகத் தோன்றாமை வியப்பன்று. படத்தில் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் உரையாடினர். அக்குறையையும் மக்கள் பொருட்படுத்தவில்லை.

அத்துணைச் சிறப்புடன் வரவேற்கப்பட்ட படம் இன்று எங்கே? ஒரு பிரதியேனும் எஞ்சவில்லை. அதே ஆண்டு மார்ச் 14இல் பம்பாயில் வெளியான இந்தியாவின் முதற் பேசும் படம் ஆலம் ஆராவும் இவ்வாறே மறைந்தது. இதற்குரிய காரணம் அறியத்தக்கது. அக்காலத்துப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. அப்பொருள் எளிதில் தீப்பற்றுவது. தீக்கு இரையாகாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்துப் பின் பொடியாவது. மேலும், படத்தின் கருமையைத் தாங்கி நிற்பது வெள்ளியின் நுண்துகளாகும். ஓடி ஓய்ந்த படத்தைக் காப்பதினும் உருக்கி வெள்ளியைப் பிரித்தல் ஊதியம் தருவதாயிருந்தது. பழைய படங்களைத் திரட்டிக் காப்பதற்கென நம் நாட்டில் தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் ஏற்பட்டது 1964இல். அதற்குள் எத்தனையோ படங்கள் கைவிட்டுப் போயின.

இரண்டாவது சான்றிற்கு வருமுன், தீபாவளி நாளுக்கும் முதற் காட்சிக்கும் உள்ள உறவைக் கூறுதல் வேண்டும். புத்தாடை உடுத்து, கையில் சிறிது பணமும் வைத்து, உறவினர் ஒருங்கு கூடியிருக்கும் நாள் அது. படமுதலாளிகள் அந்நாளைக் குறித்துவைத்தே படம் முடித்தனர். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944ஆம் ஆண்டுத் தீபாவளியன்று சென்னைப் பிராட்வே தியேட்டரில் வெளியாகி, 1945ஆம் ஆண்டுத் தீபாவளியையும் 1946ஆம் ஆண்டுத் தீபாவளியையும் அங்கேயே கண்டது. ஒரு படத்தின் பிரதிகள் சிலவே எடுக்கப்பட்டமையால், பெருநகரங்கள் பார்த்து முடித்த பின்னரே சிற்றூர்களுக்குப் பெட்டி வரும். எனவே முதல் நாட் காட்சி காண்பவர் நாடு முழுதும் பொறாமை கொள்ளத்தக்கவராயினர்.

1952ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 17இல் வந்தது. அன்று வெளியான பராசக்தி மதுரையில் ஒரு புதுமனையையும் திறந்துவைத்தது. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் எழுந்த தங்கம் தியேட்டரே அது. 2,563 இருக்கைகள் கொண்ட அம்மனை ஆசியாவிலேயே மிகப் பெரியது எனப் பெயர் பெற்றது. அதுவரை எம்மூரையொத்த ஊரார் கண்டிருந்தன மணலிற் குந்தியிருந்து பார்க்கும் கூடாரக் கொட்டகைகளே. அங்கே ஒரே கருவி இருக்கும். ஒரு சுருள் ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் முடியும். அடுத்த சுருளைப் பூட்டும்வரை விளக்கேற்றிவிடுவர். பெருங்கொட்டகையிலோ இரு கருவிகள் இருந்தன. ஒன்றில் சுருள் முடியும் கணத்தில் மற்றொன்று ஓடத் தொடங்கும். இரு கரிக்கோல்களுக்கிடையே எழுப்பப்பட்ட மின்சுடரே அத்துணைத் தொலைவிற்கு ஒளியை எறிந்தது. இடையே அறுபடாத கதையைப் பேரிருளில் ஆயிரக்கணக்கானோருடன் இருந்து காண்பது, கூடாரம் மட்டுமே அறிந்த ஒருவர்க்குப் புதிய அனுபவமாயிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பராசக்தி, பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகத்தைத் தழுவியது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர், மு. கருணாநிதி உரையாடல் தீட்டினார். சிவாஜி கணேசன் முதன்முதல் திரையில் தோன்றினார். கோயிலையும் பூசாரியையும் பற்றிய அதன் பகுதிகளைக் கண்டு வெகுண்டோர் தடைவிதிக்க வேண்டுமென்றனர். எனினும் படம் தடை செய்யப்படவில்லை. வழக்குமன்றக் காட்சியின் உரையாடலைத் தெருவெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தது. இவை பலரும் அறிந்தவை. ஆயின் கதையின் தொடக்கத்தை ஈண்டு நினைவூட்டுதல் வேண்டும். மூன்று தமையன்மார் இரங்கூனில் வாழ்கின்றனர். ஒரே தங்கை மதுரையில் இருக்கின்றாள். அவள் திருமணத்திற்கு வர நினைக்கும்போது போர் வந்து வழியை மறிக்கின்றது. ஒருவனுக்கே கப்பலில் இடம் கிடைக்கின்றது. எஞ்சியோர் குண்டு வீச்சுக்குத் தப்பிக் கால்நடையாய்த் தாய்நாட்டை நோக்கிப் புறப்படுகின்றனர்.

இது புலவர் கட்டிய கற்பனை மட்டுமன்று. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் இரங்கூன் மீது குண்டு வீசினர். 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. அங்குப் பிழைக்கச் சென்றிருந்த இந்தியர் பல இலட்சம் பேர் காடும் மலையும் கடந்து திரும்பினர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். படம் வெளியான நாளில் அத்துயருக்கு வயது பத்தே. மதுரையிலும் அதனைச் சுற்றிய நாட்டிலும் அவ்வழி நடந்து வந்தவர் பலர் உயிரோடிருந்தனர். அவருள் ஒருவர் எம் பாட்டனாரின் தாய்மாமன்.

இனிப் பாட்டனார் கூறியதைத் தருவோம். அவ்வாண்டில் அவர் 12 வயதுச் சிறுவர். மழையால் அளம் மூடிக்கிடந்தமையால், தந்தையார் அவரைத் திண்டிவனம் வரை மாட்டுவண்டியிலும் அப்பால் இரயிலிலும் மதுரைக்கு அழைத்துச் சென்றார். அங்கு நூற்பாலை ஒன்றில் தொழில் செய்த தாய்மாமன் தனியராய் ஓர் அறையில் வாழ்ந்து வந்தார். இரங்கூனிலிருந்து நடந்து வந்தவர் என்பதும், புறப்பட்டபோது உடனிருந்த மனைவி ஊர் வந்து சேரவில்லை என்பதும் குடும்பத்தார் அறிவர். அதற்குமேல் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அக்காலத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் படக்கொட்டகைக்குள் நுழைவது பெரும் பிழையாகக் கருதப்பட்டது. இயேசு நாதரின் வாழ்க்கைப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்த வின்சென்ட் அவர்களின் கதையை அப்பெரியோர் கேட்டிலர் போலும். தந்தையார் உறங்கிய பின் மாமன் மருமகனை மெல்ல எழுப்பி, இரவுக் காட்சிக்கு அழைத்துச் சென்றார். வீதியை அடைத்து நின்ற கூட்டத்தில் மாமனின் வேட்டி நுனியைப் பற்றிக்கொண்டே சென்றதாகப் பாட்டனார் கூறினார். சில அணாக்கள் கொடுத்துக் கடைசி வகுப்பில் இடம் பெற்றனர். உள்ளே சென்றதும் அண்ணாந்து கூரையைப் பார்த்து, அது எதன்மேல் நிற்கின்றது என்று அஞ்சினாராம்.

படம் தொடங்கிற்று. இரங்கூன் வீடு தோன்றிற்று. பின்னர்க் குண்டுகள் விழுந்தன. மக்கள் மூட்டைகளைச் சுமந்து நடந்தனர். அப்போது பக்கத்தில் ஏதோ குலுங்குவதை உணர்ந்து சிறுவர் திரும்பினார். மாமன் தோள் துண்டை வாயிற் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அச்சங்கொண்ட சிறுவர், “மாமா, வீட்டுக்குப் போய்விடலாமா?” என்று கேட்டார். “இல்லை மாப்பிள்ளை, இருந்து பார்ப்போம். அவர்கள் ஊர் வந்து சேர்கிறார்களா என்று பார்க்கவேண்டும்,” என்றார் மாமன். சுற்றிலும் இருட்டில் வேறு சிலரும் விம்மக் கேட்டதாகப் பாட்டனார் சொல்கின்றார். அவர்களும் இரங்கூன் வழி நடந்தவர்களா, கதைக்கு உருகியவர்களா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

திரும்புகையில் மாமன் ஒன்றே சொன்னார்: “நான் அழுததை ஊரில் சொல்லாதே, மாப்பிள்ளை.” சிறுவர் சரி என்று தலையசைத்தார். சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்துக்குக் கூடாரக் கொட்டகையொன்று வந்து அதே படத்தைக் காட்டிற்று. தண்டோரா முழங்கத் துண்டு விளம்பரம் வீசிச் சென்ற வண்டியின் பின்னே ஓடிய தோழர்க்கு, மேல் நடப்பதையெல்லாம் பாட்டனார் முன்கூட்டியே சொல்லிப் பெருமை கொண்டாராம். எங்கே பார்த்தாய் என்று கேட்டவர்க்கு மட்டும் விடை சொல்லவில்லை. கொட்டகையைச் சொன்னால் உடன் வந்தவரைச் சொல்ல வேண்டும். உடன் வந்தவரைச் சொன்னால் கண்ணீரும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சினார். “இப்போது மாமனும் இல்லை, அந்தத் தியேட்டரும் இல்லை. இனி யாருக்காக ஒளிப்பது?” என்று எம்மிடம் கூறி முடித்தார்.

முதியோர் நினைவு முற்றும் நம்பத்தக்கதா என்று ஆராய்ச்சி உணர்வுடையோர் கேட்பர். அவ்வினா முறையானதே. யாமும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தோம். உண்மையிலேயே முதல் நாளா, ஓரிரு நாள் கழிந்தா என்று கேட்டோம். படத்தில் ஓசையடங்கிய இடங்களிலெல்லாம் வெளியே வெடிச்சத்தம் கேட்டது என்றார். அது தீபாவளி இரவென்பதற்கு அவர் காட்டும் சான்று. பின்னர்ப் படத்தையே அவருடன் இருந்து பார்த்தோம். அகதிகள் நடந்து வரும் பகுதி பாதிப் படத்திற்கு நீளும் என்று அவர் எண்ணியிருந்தார். அஃது அவர் எண்ணியதினும் மிகச் சிறிதாயிருந்தது. “இவ்வளவுதானா?” என்று வியந்தார். படச்சுருளை அளவையாகக் கொள்வோமாயின் பாட்டனார் நினைவு பிழை. ஆயின், அன்றிரவு அவர் பக்கத்திலிருந்த மனிதர்க்கு அப்பகுதி எத்துணை நீண்டது என்பதை அந்தப் பிழையே நமக்குக் காட்டுகின்றது. அச்செய்தி எந்தச் சுருளிலும் பதிவாகவில்லை.

தங்கம் தியேட்டர் பின்னர் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் ஜவுளிக்கடை எழுந்தது. ஆகவே காளிதாஸ் திறத்தில் படம் அழிந்தது. பராசக்தி திறத்தில் படம் நின்று மனை அழிந்தது. அழிந்த படத்தை எண்ணி ஆராய்வோர் வருந்துகின்றனர்; இடிந்த மனையை எண்ணி நகரத்தார் வருந்துகின்றனர். மூன்றாம் உறுப்பாகிய மாந்தரைக் குறித்து வருந்துவோர் யார்? 1952இல் பன்னிரண்டு வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். படத்தைப் பெட்டியிலிட்டுக் குளிரூட்டிக் காக்கலாம். கட்டிடத்தைச் செப்பனிட்டு நிறுத்தலாம். மாந்தர் நினைவைக் காக்க அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்பதல்லாது வேறு வழியில்லை. அதற்குக் காப்பகமும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. ஒரு மழைநாள் மாலையும் ஒரு குறிப்பேடும் போதும்.

இலக்கியம் பயிலும் நாம் ஏட்டுச்சுவடிகள் செல்லரித்துப் போனமைக்கு வருந்துகின்றோம். உ.வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் ஊர் ஊராய் அலைந்து அவற்றைத் தேடித் தந்தமைக்கு நன்றி பாராட்டுகின்றோம். நம் வீட்டுத் திண்ணையிலேயே செல்லரித்துக்கொண்டிருக்கும் சுவடிகளை எடுத்துப் படிப்பதற்கோ நமக்கு நேரமில்லை. எம் பாட்டனாரின் வாக்கு எழுபதாண்டுக்கு மேல் காக்கப்பட்டது. யாம் அன்று வாய்விட்டுப் படிக்காதிருந்தால், இரங்கூனிலிருந்து நடந்து வந்த ஒருவர் பத்தாண்டு கழித்து ஓர் இருட்டறையில்தான் அழ முடிந்தது என்னும் உண்மை அவரோடு மறைந்திருக்கும்.

நம் கல்லூரி மாணவர் பல ஊர்களினின்று வருபவர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொட்டகை இருந்தது. ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு முதல் நாள் இருந்தது. அந்நாளைக் கண்டவர் ஒருவரேனும் இன்னும் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் அவரிடம் சென்று, யார் நடித்த படம் என்று மட்டும் கேட்டு மீளாமல், “உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்?” என்றும் கேட்பாராக. அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடைகளை வருகின்ற ஆண்டு மலரில் காண விழைகின்றோம்.